பறக்கும் தட்டும் பட்டுத் தறியும்

ஆரணியில் பட்டுப் புடவை வாங்க வருகிறவர்கள் முந்தியின் ஜரிகையைக் கண்டு சொக்கி நிற்கையில், நெய்கிறவர்களோ புடவையைப் புரட்டிப் போட்டு, புட்டாவின் பின்புறத்தில் இழைகள் எப்படி ஓடியிருக்கின்றன, கரையும் உடலும் சேரும் இடம் சுருக்கமின்றி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே அபிப்பிராயம் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தைச் சினிமாக் கொட்டகைக்குள்ளும் கொண்டுபோகிற ஊரில் பிறந்தவன் என்ற ஒரே யோக்கியதையைக் கொண்டு, தமிழில் வந்த விஞ்ஞானக் கற்பனைப் படங்களின் அரங்க அமைப்பையும் அதற்குக் கொட்டிய பணத்தையும் ரசிகர்கள் எடைபோடும் விதத்தைப் பற்றி இம்மலரில் எழுதத் துணிகிறேன்.

இப்படங்களில் மூன்று சம்பிரதாயங்களைக் காண்கிறேன். முதலாவது பழைய ஸ்டூடியோக்களுடையது. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து எடுத்த 'காடு' படத்துக்கு, பூமியிலிருந்து மறைந்துபோன மாமூத்துகள் தேவைப்பட்டன. நம் நாட்டில் யானைக்குப் பஞ்சமில்லையாதலால், நிஜ யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி நடக்கவிட்டார்கள். பதினோரு ஆண்டு கழித்து, ககாரின் விண்ணில் சுற்றிவந்த செய்தியின் சூடு ஆறுமுன்பே, ஏ. காசிலிங்கத்தின் டைரக்ஷனில், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. விஞ்ஞானம் முற்றிக் கலை வறண்டுபோன ஒரு கிரகத்தார், நம் உலகில் பாடும் பெண்ணொருத்தியைப் பறக்கும் தட்டில் ஏற்றிப் போகிறார்கள் என்பது கதை. அதைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், தறிக்குழியில் இருந்து தலை தூக்காமலே, "தட்டு என்னவோ தகரந்தாம்பா, கதை அசல் பட்டு" என்றார். எனக்கு அதில் இன்னொன்றும் தோன்றுகிறது: கலையே இல்லாத கிரகம் அலங்காரமில்லாமல் வெறிச்சென்றிருப்பதுதானே நியாயம்? அங்கே அரங்கின் வறுமை கதையின் தர்மத்தோடு ஒத்துப்போய்விட்டது.

அதே 1963-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில் காலயந்திரம் ஒரு போலீஸ் டெலிபோன் பெட்டியாக வந்ததும், சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்'கில், விண்கப்பலை வாராவாரம் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாமல், மனிதரை ஒளியாய்க் கரைத்து அனுப்பும் உபாயம் பிறந்ததும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்தவையே. கைச்சுருக்கத்தால் பிறந்த இந்த இரண்டையும்தான் ரசிகர்கள் இன்றளவும் போற்றுகிறார்கள்.

இரண்டாவது, டைரக்டர் ஷங்கரின் பிரம்மாண்டச் சம்பிரதாயம். 2010-இல் வந்த 'எந்திர'னுக்கு நூறு கோடிக்கு மேல் செலவானது என்ற பேச்சே பாதி விளம்பரமாயிற்று. சாபு சிரிலின் அரங்க அமைப்பு தேசிய விருதும் பெற்றது. ஆயினும், சிட்டி என்ற ரோபோவின் நூற்றுக்கணக்கான நகல்கள் பந்தாகவும் பாம்பாகவும் திரண்டு வரும் கடைசிச் சண்டைக்கு விசிலடித்த அதே ஜனங்கள், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பணிந்து சிட்டி தன் அங்கங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் இடத்தில் வாயடைத்துப் போனார்கள். ஒரு கை கழன்று மேஜையில் அமரும் அந்த அமைதிக்குமுன் அத்தனை பந்தும் பாம்பும் எனக்கு மறந்துபோகின்றன. 500 கோடிக்கு மேல் என்று பேசப்பட்ட '2.0' படத்தில் கைப்பேசிகள் பறவையாகத் திரள்வதில் கண் நிறைந்தது; மனத்தில் அப்படியோர் அமைதி விழவில்லை. ஜரிகையின் கனத்தால் உடல் தொங்கிப்போன புடவை உண்டு என்பதை நெய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதை வீட்டுச் சாமான் சம்பிரதாயம் எனலாம். ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் 2065-இலிருந்து வந்த காலயந்திரம், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியப் பிழைப்புக்கு முதலாகிறது. அந்தக் குறும்பில் மயங்கிய எவரும் யந்திரத்தின் விலையை விசாரிக்கவில்லை. '24' (2016) பணக்காரப் படம்தான், அரங்க அமைப்புக்குத் தேசிய விருதும் பெற்றது. என்றாலும் அதன் அதிசயம் முழுவதும் ஒரு கைக்கடிகாரத்துக்குள் அடங்கியதால் இந்த வரிசையில் வைக்கிறேன். 'மார்க் ஆண்டனி'யில் (2023) ஒரு டெலிபோனே போதுமானதாயிற்று.

'டிக் டிக் டிக்' (2018) விண்வெளியை நேரடியாகவே காட்டத் துணிந்தபோது, ஹாலிவுட்டை அளவுகோலாகக் கொண்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இவ்வளவு பணத்தில் இவ்வளவா என்றவர்கள் கைதட்டினார்கள். இந்த இரண்டாவது அளவுகோலில் எனக்குச் சம்மதமில்லை. கூலி குறைச்சல் என்பதற்காகக் கரை கோணிய புடவையை முகூர்த்தத்துக்கு யாரும் உடுத்துவதில்லை.

ஒரு சின்ன மனக்குறையும் உண்டு. எங்கள் தறிகளின் தலைமேல், ஓட்டையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்குகின்றன. மிதியை ஒருமுறை அழுத்தினால் ஓர் அட்டை புரள்கிறது, ஓட்டை உள்ள இடத்து இழை எழும்புகிறது, இல்லாத இடத்து இழை படுத்துவிடுகிறது. பிரான்ஸின் ஜக்கார்டு அமைத்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பு யந்திரத்துக்கு அட்டை வேண்டுமென்று முடிவு செய்தார். தமிழ்த் திரையின் விஞ்ஞானிகளுக்கு அமைத்த ஆய்வுக்கூடங்களில் நீல விளக்குகளையும் கண்ணாடிக் குழாய்களையும் எத்தனையோ கண்டுவிட்டேன். இந்த அட்டையை மட்டும் ஒன்றிலும் கண்டதாக நினைவில்லை. ஆரணியில் பழைய அட்டை கட்டுக் கட்டாகப் பரணில் கிடக்கிறது; கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.