கணக்கில் வராத பிள்ளை

இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோர், அக்கம்பக்கத்தில் வீட்டிலேயே பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்ணொருவரிடம் பிள்ளையை விட்டுச் செல்வது நெடுநாள் வழக்கம். அவரைச் சைல்ட்மைண்டர் என்பார்கள். ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வமைப்பிடம் பதிந்து, கட்டணம் வாங்கி, முறையாகச் செய்யும் தொழில் அது. அவர் கையில் ஏற்கெனவே மூன்று மழலைகள் இருக்கும்போது, பள்ளி விட்டு வரும் 12 வயது மாற்றுத்திறனாளிச் சிறுவனையும் சேர்த்துக்கொள்வது சரியா? நல்ல மனசுதான் வேண்டும் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

தேவை உண்மையானது. மற்ற 12 வயதுப் பிள்ளைகள் வீட்டுச் சாவியோடு தாமாகவே வந்துவிடுவார்கள், இவனால் முடியாது. அரசும் இதை ஒப்புக்கொள்கிறது. 2006ஆம் ஆண்டின் சைல்ட்கேர் சட்டப்படி, வேலை பார்க்கும் பெற்றோருக்குப் போதிய பிள்ளைப் பராமரிப்பு கிடைக்க இயன்றவரை வழிசெய்வது உள்ளாட்சியின் கடமை. மற்ற பிள்ளைகளுக்கு 14 வயதுவரை, மாற்றுத்திறனாளிகளுக்கு 18 வயதுவரை. பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கான வரிச் சலுகைத் திட்டத்திலும் பொதுவான வரம்பு 11 வயது, இவர்களுக்கு 16.

ஆனால் அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்று சொல்லும் விதி வேறொரு கணக்குப் போடுகிறது. எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேர். அவர்களில் பள்ளி வயதை எட்டாதவர்கள் பொதுவாக மூன்று பேர். ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்று. இவ்வளவுதான் எண்ணிக்கை. எட்டைத் தாண்டியவன் இந்த ஆறில் சேர்வதே இல்லை. பெரிய பிள்ளைகளைப் பார்ப்பதால் சிறியவர்களின் கவனிப்புக் கெடக்கூடாது என்று ஒரு பொதுவாசகம் உண்டு. அதை அளக்க எந்த அளவுகோலும் தரப்படவில்லை. தானே சாப்பிட்டுத் தானே கழிப்பறைக்குப் போகும் ஏழு வயதுப் பிள்ளை ஓர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஊட்டிவிட வேண்டிய, தூக்கிவிட வேண்டிய 12 வயதுச் சிறுவன் பூஜ்யம்!

இந்தப் பூஜ்யம் மாலை நாலரை மணிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள சிறுவனுக்கு டயப்பர் மாற்ற வேண்டும். நாற்பது கிலோவுக்குக் குறையாத உடம்பு. சக்கர நாற்காலியிலிருந்து தூக்குகருவியால் படுக்கைக்கு மாற்றி, துடைத்து, உடுத்தி, மறுபடி உட்கார வைக்கக் கால் மணி நேரமாவது பிடிக்கும். அவன் வளர்ந்த பையன். கதவைச் சாத்தித்தான் செய்ய வேண்டும். அதே நேரம் கூடத்தில் இரண்டு வயதுக் குழந்தை வாழைப்பழத் துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மழலைகள் எப்போதும் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், சாப்பிடும்போது இரண்டுக்குமே எட்ட வேண்டும் என்பது இங்கிலாந்து மழலையர் விதி. தொண்டையில் சிக்கினால் சத்தமே வராமல் போகலாம் என்பதால்தான் அப்படி ஒரு விதி. கதவைத் திறந்து வைத்தால் பெரியவனின் மானம் போகிறது; சாத்தினால் சின்னவனின் உயிருக்கு ஆபத்து. ஒரே ஆளால் இரண்டையும் காக்க முடியாது. எவ்வளவு அன்பிருந்தாலும் இந்த இடத்தில் அது உதவாது.

வலிப்பு உள்ள பிள்ளை என்றால் நெருக்கடி இன்னும் கூடும். ஐந்து நிமிடம் தாண்டினால் கன்னத்தின் உட்புறம் மிடஸோலம் என்னும் மருந்தைச் செலுத்த வேண்டும் என்று பல பிள்ளைகளின் பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தபடி அவனருகே மண்டியிட்டிருக்கும் அந்தப் பெண்ணைச் சுற்றி மூன்று குழந்தைகள் மிரண்டு அழுதுகொண்டிருக்கும்.

இதற்கு மாறாகச் சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். பெரிய மையங்களின் இரைச்சலில் தவிக்கும் பிள்ளை, வீட்டுச் சூழலில் அமைதியாகிறான். சின்னக் குழந்தைகள் அவனை முறைத்துப் பார்ப்பதில்லை, அவன் போக்கை இயல்பாக ஏற்றுக்கொள்கின்றன. இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைக்குழந்தையின் அழுகையே ஆட்டிசம் உள்ள வேறொரு பிள்ளைக்குப் பொறுக்க முடியாத வலியாகலாம். எல்லாருக்கும் பொருந்தும் வீடென்று ஒன்றில்லை. சின்னக் குழந்தைகளுக்குப் பரிவு கற்பிக்கும் பாடமாக அவனை ஆக்குவதையும் என்னால் ஏற்க முடியாது. அவன் அதற்காக அங்கு வரவில்லை. பதின்வயதைத் தொடும் ஒருவனை மழலைப் பாட்டுக்கும் பஞ்சு பொம்மைக்கும் நடுவே உட்கார வைத்து, ‘அவனும் குழந்தை மாதிரிதானே’ என்பது அவனுடைய வயதையே பறிப்பது. அவனுக்கென ஒரு மூலை, அவன் கேட்கும் இசை, அவனோடு பேசத் தனியாகக் கொஞ்ச நேரம், இவை இருந்தால்தான் அது பராமரிப்பு.

அப்படியானால் அவனையும் அந்த ஆறு பேர் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. மழலைகளின் இடங்களைக் காலியாக விட்டு அவனை ஏற்றால் வருமானம் குறையும். அதை யார் ஈடுகட்டுவது? வரிச் சலுகையின் உச்சவரம்பு இவனுக்கு ஆண்டுக்கு 4000 பவுண்டு, மற்றவர்களுக்கு 2000. இரட்டிப்பு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றோர் 8 பவுண்டு போட்டால்தான் அரசு 2 பவுண்டு போடும். முழுத் தொகையையும் பெறப் பெற்றோர் 16,000 பவுண்டு கட்ட வேண்டும். பணம் வராமல் விதியை மட்டும் இறுக்கினால் திறந்திருக்கும் கதவுகளும் மூடிக்கொள்ளும். ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை மறுப்பதைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், நியாயமான மாற்றங்களைத்தான் கேட்கிறது. இரண்டாவது ஆளை அந்தப் பெண் தன் கைக்காசில் அமர்த்த வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது.

என் தீர்ப்பு இது. அருகிருந்து கவனித்தால் மட்டும் போதும் என்ற நிலையில் உள்ள பெரிய பிள்ளையை மழலைகளோடு சேர்த்துப் பார்க்கலாம், நன்றாகவே அமையும். உடம்பைத் தூக்கிப் பராமரிக்கவோ அவசர மருந்து கொடுக்கவோ வேண்டிய பிள்ளையை, மூன்று மழலைகளோடு தனியாக இருக்கும் ஒருவரிடம் விடக்கூடாது. அவனை ஏற்க வேண்டுமானால் அந்நேரத்தில் மழலைகள் குறைய வேண்டும், அல்லது உதவியாளர் ஒருவர் கூட இருக்க வேண்டும். உதவியாளர் வந்ததைச் சாக்கிட்டு இன்னும் மூன்று மழலைகளைச் சேர்க்கக்கூடாது. இன்றைய விதி அப்படிச் சேர்க்கவும் இடம் தருகிறது. அவனுக்குத் தேவைப்படும் கைகளை எண்ணி, காலியாக விடும் இடத்துக்கான பணத்தை உள்ளாட்சி தர வேண்டும். 18 வயதுவரை கடமை உண்டென்று எழுதிவைத்த சட்டத்துக்கு இது கூடுதல் சுமை அல்ல, பாக்கி.