காலுறை அணியாத ஆசிரியர்

துப்பறியும் கதைகளை இலக்கியத்தின் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தி வைப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்தோர் பலர். வகுப்பில் எடுத்துப் பேசத் துணிந்தோர் மிகச் சிலர். பொழுதுபோக்கிற்கு மேல் அக்கதைகளில் ஒன்றும் இல்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை, ஆர்தர் கோனன் டாயில் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரையரி பள்ளி’ என்னும் சிறுகதையைக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளி ஒன்று. அங்குப் பயிலும் கோமகன் ஒருவரின் பத்து வயது மகன் இரவோடு இரவாக மறைந்துவிடுகிறான். அதே இரவில் ஜெர்மன் மொழி ஆசிரியர் ஹைடெகரும் காணாமற்போகிறார். அவர் பேசாதவர், முகம் மலராதவர், ஆசிரியரிடத்தும் மாணவரிடத்தும் செல்வாக்கு இல்லாதவர். ஆகவே ஐயம் அவரைச் சூழ்கிறது. பள்ளித் தலைவர் ஷெர்லாக் ஹோம்ஸை நாடி வருகிறார்.

கதையின் அறிவுச் சுவை தடங்களைப் படிப்பதில் இருக்கிறது. காணாமற்போன ஒட்டகத்தின் அடிச்சுவடு கண்டு, அது நொண்டி என்றும் ஒரு கண் குருடு என்றும் கூறிய அறிஞர்களின் கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். ஹோம்ஸின் முறையும் அதுவே. புல்வெளியெங்கும் பசுவின் குளம்படிகள். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பசுவும் இல்லை. இப்பகுதியைத் தெலுக் பங்லிமா காராங்கில் மாணவர் சிலரோடு நான் படித்தபோது, தோட்டத்தில் மாடு மேய்த்துப் பழகிய மாணவன் ஒருவன், “ஐயா, மாடு இப்படி நாலுகால் பாய்ச்சலில் போகாதே!” என்றான். ஹோம்ஸ் கண்டதும் அதுவே. குளம்படி பசுவினுடையது, நடையோ குதிரையினுடையது. பசுவின் குளம்பு போன்ற இலாடத்தைக் குதிரைக்குப் பூட்டியிருந்தனர். லங்காட் ஆற்றங்கரைச் சிறுவனின் பட்டறிவு லண்டன் துப்பறிவாளனின் அறிவோடு ஒன்றிய இடம் அது. சக்கரத் தடத்தைக் கொண்டு மிதிவண்டி சென்ற திசையை ஹோம்ஸ் உறுதிசெய்யும் இடம் இத்துணை வலிமையுடையதன்று. வாசகர் பலர் அதை மறுத்தெழுதினர் என்பதை டாயிலே பின்னர்த் தம் வரலாற்று நூலில் குறிப்பிட்டுள்ளார்.

எனினும் கதையின் உயிர் வேறோர் இடத்தில் உள்ளது. மாணவன் முழு உடையணிந்து சென்றிருக்கிறான். ஆசிரியரின் சட்டையும் காலுறைகளும் அறைத் தரையிலேயே கிடக்கின்றன. மாணவன் திட்டமிட்டுச் சென்றான். ஆசிரியரோ கண்டதும் பதறி ஓடினார் என்பதே இதன் பொருள். தன் தாய் அழைப்பதாக வந்த பொய்ச் செய்தியை நம்பி அவன் சென்றான். அவனைக் குதிரையில் ஏற்றிக் கடத்திச் சென்றனர். மிதிவண்டியில் ஐந்து கல் தொலைவு துரத்திச் சென்ற ஆசிரியர் அடித்துக் கொல்லப்பட்டார். இரவுடையின் மேல் அணிந்த மேலங்கியோடும், காலுறையற்ற காலணிகளோடும் அவர் உடல் கண்டெடுக்கப்படுகிறது. எவர்மேல் ஐயம் விழுந்ததோ அவரே, காணாமற்போன மாணவனை முதலில் தேடிச் சென்றவர்! துப்பறிவாளன் சென்றது அவர் சென்ற தடத்தின்மேல்தான்.

இங்கேதான் கதையாசிரியரிடம் நமக்கு ஒரு குறை உண்டு. கடத்தலுக்குத் திட்டமிட்டவன் கோமகனின் செயலாளன். முறைப்படி பிறவாத அவருடைய மூத்த மகன். உண்மை தெரிந்த பின்னும் கோமகன், அவனைக் காக்க வேண்டி, இளைய மகனை விடுதியில் மூன்று நாள் விட்டுவைக்க இசைகிறார். கொலை செய்த விடுதிக்காரனுக்குத் தூக்குமேடை காத்திருக்கிறது. திட்டமிட்ட செயலாளனுக்கோ ஆஸ்திரேலியப் பயணம். ஹோம்ஸ் கோமகனைக் கடுமையாக இடித்துரைக்கிறார். பின் ஆறாயிரம் பவுன் காசோலையை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். ஹைடெகருக்காகக் கண்ணீர் சிந்துவார் எவரும் இல்லை. மீட்கப்பட்ட சிறுவன் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. தம் கதைகளுள் சிறந்த பன்னிரண்டை 1927இல் தேர்ந்தபோது டாயில் இதனைப் பத்தாவதாக வைத்தார். ஹோம்ஸ் கோமகனை நோக்கி விரல் நீட்டும் காட்சியையே அதற்குரிய சிறப்பாகக் கருதினார். அவர் பெருமையாகக் கண்டது புதிரின் முடிச்சு அவிழும் கணத்தை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நெஞ்சில் நிற்பதோ தரையில் கிடந்த அக்காலுறைகள்.

பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி, செம்மண் சாலையில் மிதிவண்டி மிதித்து லயம் வரை சென்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்களை நம் மூத்தோர் அறிவர். அவர்களுள் சிரித்துப் பேசாதவரும் இருந்தனர். மாணவர் அஞ்சியவரும் இருந்தனர். அவர்களின் அன்பு முகத்தில் தெரியாமல் காலில் தெரிந்தது. இவ்வுண்மையைத் தானறியாமலே தன்னுள் பொதிந்து வைத்திருப்பதால் ‘பிரையரி பள்ளி’ பொழுதுபோக்கைக் கடந்து நிற்கிறது. அதனை வகுப்பில் வைத்துப் படிக்கலாம். ‘குற்றவாளி யார்?’ என்று கேட்டு முடித்தபின், ‘முதலில் தேடிப் போனவர் யார்?’ என்றும் மாணவரைக் கேட்க வேண்டும். திறனாய்வு அவ்வினாவில்தான் தொடங்குகிறது.