வீட்டுப் பாரும் நவீன வடிவமைப்பும்: நடுநூற்றாண்டுத் தளபாடங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கியத்தையும் நாடகத்தையும் ஓவியத்தையும் அவற்றின் சமூகப் பின்னணியில் வைத்து ஆராயும் மரபு நம்மிடையே ஓரளவு வேரூன்றியுள்ளது. ஆயின் மனிதர் நாளாந்தம் கையாளும் பொருள்களின் வடிவம் இத்தகைய ஆய்வுக்குப் பெரும்பாலும் உட்படுவதில்லை. கதிரை, மேசை, அலுமாரி என்பன கைவினைஞரின் தொழிலாகவோ வணிகரின் சரக்காகவோ மட்டும் கருதப்பட்டு விடப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரை அடுத்த இரு தசாப்தங்களில் ஐக்கிய அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் தோன்றிய தளபாடங்களையும், அவற்றுள் தனியிடம் பெற்ற வீட்டுப் பாரையும் அத்தகைய ஆய்வுக்கு உட்படுத்த இக்கட்டுரை முற்படுகின்றது.

இத்தளபாடங்களை இன்று 'நடுநூற்றாண்டு நவீனம்' என்னும் தொடரால் குறிப்பிடுகின்றனர். 1984ஆம் ஆண்டு காரா கிறீன்பேர்க் 1950களின் தளபாடங்கள் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பாக அமைந்த பின்னரே இத்தொடர் பரவலான வழக்குப் பெற்றது. பொருள்கள் பழம்பொருள்களாகி, சேகரிப்போரின் கவனத்தைப் பெற்ற காலத்தில்தான் அவற்றுக்கு இப்பொதுப்பெயர் நிலைத்தது என்பது கவனிக்கத்தக்கது. இவை பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. கோட்டின் எளிமை, மூலப்பொருளின் இயல்பை மறைக்காத நேர்மை, அலங்காரத்தைத் துறந்த தூய்மை ஆகியவற்றைப் போற்றுவோர் ஒருசாரார். இவை மேலைத்தேய நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரங்கள் என ஒரே வசனத்தில் ஒதுக்கிவிடுவோர் மற்றொரு சாரார். இரண்டாவது கருத்து முற்போக்கானது போலத் தோன்றினும், முன்னையதைப் போலவே உருவத்தையும் அதனைத் தோற்றுவித்த சமூக உறவுகளையும் தனித்தனியே பிரித்து வைப்பதாகும்.

1

நவீனத் தளபாட இயக்கம் ஆடம்பரத்துக்காகத் தோன்றியதன்று. ஜேர்மனியில் 1919ஆம் ஆண்டு தொடங்கி 1933இல் நாசிகளின் நெருக்குதலால் மூடப்பட்ட பௌஹௌஸ் கல்லூரியின் காலத்திலேயே, இயந்திர உற்பத்தியின் துணைகொண்டு நல்ல பொருள்களைப் பலருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்தது. 1940ஆம் ஆண்டு நியூயோர்க் நவீனக் கலை அரும்பொருளகம் வீட்டுத் தளபாடங்களுக்கென நடத்திய போட்டியில் சார்ள்ஸ் ஈம்ஸ், ஈரோ சாரினென் ஆகிய இருவரும் வெற்றி பெற்றனர். ஒட்டுப்பலகையை முப்பரிமாணத்தில் வளைத்து அவர்கள் உருவாக்கிய கதிரைகளை அன்றைய தொழில்நுட்பத்தால் மலிவாகப் பெருந்தொகையில் உற்பத்தி செய்ய இயலவில்லை. கூரிய வளைவுகளிற் பலகை பிளந்தமையால் அதனைத் துணியால் மூடவேண்டியதாயிற்று.

இத்தடையை நீக்க வாய்ப்பளித்தது போர் ஆகும். சார்ள்ஸ் ஈம்ஸும் அவர் மனைவி றே ஈம்ஸும் 1942ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படைக்காக, காயமுற்றோரின் காலைத் தாங்கும் ஒட்டுப்பலகைத் தாங்கியை வடிவமைத்தனர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,50,000 தாங்கிகள் உற்பத்தியாயின. அவ்வுற்பத்தியிற் பெற்ற அறிவே 1946ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்த ஒட்டுப்பலகைக் கதிரைகளுக்கு அடிப்படையாயிற்று. 1948இல் அதே அரும்பொருளகம் குறைந்த விலைத் தளபாடங்களுக்கெனச் சர்வதேசப் போட்டியொன்றை நடத்தியது. அதன் விளைவாகக் கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட ஒற்றை உருக் கதிரை 1950இல் வெளிவந்தது. அரசின் போர்ச்செலவில் விளைந்த தொழில்நுட்பம் போருக்குப் பின் தனியார் கம்பனியின் இலாபத்துக்குரியதாயிற்று என்பதை அழகியல் விமர்சகர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர்.

1956ஆம் ஆண்டு இதே வடிவமைப்பாளர்கள் இதே தொழில்நுட்பத்தைக் கொண்டு சாய்வுக் கதிரையொன்றை உருவாக்கினர். ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த பிரேசில் ரோஸ்வூட்டின் மெல்லிய தகடு போர்த்தப்பட்டு, தோல் மெத்தைகளுடன் அமைந்த அக்கதிரை வசதி படைத்தோருக்குரியதாகவே வந்தது. மலிவான கதிரைக்காகக் கண்டறியப்பட்ட முறை பத்தாண்டுகளுள் உயர்விலைக் கதிரைக்கும் உரியதாயிற்று. இதனை வடிவமைப்பாளரின் மனமாற்றமாக விளக்குவது போதாது. எதை உற்பத்தி செய்வது, யாருக்கு விற்பது என்ற முடிவுகள் சந்தையின் கையிலிருக்கும்வரை, மலிவு என்பது ஓர் இலட்சியமாகவன்றி விற்பனைத் தெரிவுகளுள் ஒன்றாகவே இருக்கும்.

2

டென்மார்க்கின் அனுபவம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் இணையம் தனக்கெனத் தளபாட வடிவமைப்புப் பிரிவொன்றை நிறுவி, 1942 முதல் 1950 வரை போர்கே மொகென்சனை அதன் தலைவராகக் கொண்டிருந்தது. 1947இல் அவர் வடிவமைத்த 'ஜே 39' என்னும் கதிரை பீச் மரச்சட்டமும் காகிதக் கயிற்றால் முடையப்பட்ட இருக்கையும் கொண்டது. உழைக்கும் குடும்பங்களின் சிறிய வீடுகளே அதன் இலக்கு. இருப்பிடத்தில் மனிதருக்கு உண்மையில் என்ன தேவை என்பதை அளந்தறியும் முறையைக் கோரே கிளின்ற் தம் மாணவர்க்குக் கற்பித்திருந்தார். அம்மரபில் வந்த மொகென்சன், பின்னர் கிறேத்த மேயருடன் சேர்ந்து, சட்டைகள், தட்டுகள், கரண்டிகள் முதலியவற்றின் அளவுகளைக் கணக்கிட்டு அலுமாரிகளின் அளவுகளை வகுத்தார். தேவையிலிருந்து உருவத்துக்குச் செல்லும் இம்முறைக்குக் கூட்டுறவு உடைமை ஒரு தளத்தை அளித்தது.

ஆயினும் டெனிஷ் தளபாடத்துக்கு உலகப் புகழ் தேடித்தந்தது பீச் மரமன்று, தேக்கு. அத்தேக்கின் வரலாறு கொப்பன்ஹேகனின் பட்டறைகளில் தொடங்கவில்லை. எச்.என். அன்டர்சன் என்பவர் 1897இல் நிறுவிய கிழக்காசியக் கம்பனி சீயத்தின் தேக்கங்காடுகளில் வெட்டுரிமை பெற்று மரவாணிகத்தை வளர்த்தது. அண்டையிலிருந்த பர்மாவிலோ, தேக்கு வணிகக் கம்பனியொன்றுக்கு விதிக்கப்பட்ட தண்டம் 1885ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கே சாட்டாகப் பயன்பட்டது. டெனிஷ் மேசையொன்றின் மேற்பரப்பில் ஓடும் வரிகளின் அழகைச் சுவைப்போர் அம்மரம் வந்த பாதையையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு தச்சரின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. அத்திறமை உலக வணிக அமைப்பொன்றினுள் இயங்கியது என்பதை அது தெளிவுபடுத்துகின்றது.

3

மேற்கூறிய முரண்பாடு மிகத் துலக்கமாக வெளிப்படும் பொருள் வீட்டுப் பாராகும். கதிரையும் கட்டிலும் அடிப்படைத் தேவைகள். வீட்டுப் பார் அத்தகையதன்று. எனவே அதன் உருவத்தைத் தீர்மானித்தவற்றுள் சமூக உறவுகளின் பங்கு கூடுதலாகும்.

1920க்கு முற்பட்ட அமெரிக்க நகரங்களில் மதுச்சாலை தொழிலாளர் கூடும் இடமாகவும் விளங்கியது. தொழிற்சங்கக் கூட்டங்கள் அதன் பின்னறைகளில் நடைபெற்றன. சம்பளக் காசோலைகள் அங்கு மாற்றப்பட்டன. மதுவினால் அழிந்த குடும்பங்களின் துயரையும் அதே இடம் தோற்றுவித்தது. பெண்கள் மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்றமைக்கு அதுவே காரணம். 1920 தொடக்கம் 1933 வரை நீடித்த மதுவிலக்கு அச்சாலைகளை மூடியதேயன்றிக் குடியை ஒழிக்கவில்லை. குடி வீட்டினுட் புகுந்து மறைந்துகொண்டது. 1930களின் மது அலுமாரி வெளியே சாதாரண அலுமாரி போலத் தோன்றி, திறந்ததும் கண்ணாடியும் போத்தல்களுமாக ஒளிர்ந்தமை அம்மறைவின் சுவடு எனலாம்.

போருக்குப் பின் புறநகர் வீடுகள் பெருகின. 1947இல் தொடங்கி நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் எழுந்த லெவிற்றவுனில் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. கறுப்பினத்தவர்க்கு அங்கு இடமளிக்கப்படவில்லை. நகரின் பொதுவிடங்களிலிருந்து விலகிய இத்தகைய வாழ்வில், கூடுமிடத்தை வீட்டினுள்ளேயே அமைத்துக்கொள்ளும் விருப்பம் எழுந்தது இயல்பே. நிலக்கீழ் அறையிலும் வரவேற்பறையிலும் வீட்டுப் பார் இடம்பிடித்தது.

அதன் உருவத்தைச் சற்று நுணுகி நோக்குவோம். அலுமாரி சுவரோடு ஒட்டி நிற்பது. அதற்கு முகம் ஒன்றே. வீட்டுப் பார் சுவரிலிருந்து விலகி நிற்பது. அதற்கு இரு முகங்கள். யொகான்னஸ் அன்டர்சன் 1960களில் வடிவமைத்த தேக்குப் பாரில், விருந்தினரை நோக்கிய பக்கம் வளைந்து மெருகுடன் விளங்குகின்றது. போத்தலும் கிண்ணமும் வைக்கும் தட்டுகள் உபசரிப்பவர் நிற்கும் பின்புறத்தில் உள்ளன. எரிக் பூக் அதே காலப்பகுதியில் வடிவமைத்த உயர்ந்த ஸ்டூலில், சாப்பாட்டுக் கதிரைக்குரிய வளைந்த இருக்கையும் குறுகிய சாய்மானமும் நீண்ட கால்களின் மீது வைக்கப்பட்டு, பாதம் ஊன்ற ஒரு வளைவும் சேர்க்கப்பட்டுள்ளது. தச்சுத் தொழிலின் நோக்கில் இவை சிறந்த படைப்புகள் என்பதில் ஐயமில்லை.

ஆயின் இந்த உருவம் எங்கிருந்து பெறப்பட்டது? விற்பவரையும் வாங்குபவரையும் பிரிக்கும் கடை மேடையே இதன் மூலம். வணிக உறவின் உருவம், வணிகம் நிகழாத இடத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. வீட்டுத் தலைவர் பணம் பெறாத விற்பனையாளராக மேடையின் பின் நிற்கின்றார். நண்பர்கள் விலை கொடுக்காத வாடிக்கையாளராக முன் அமர்கின்றனர். கொடுக்கப்படுவது மதிப்பு. போத்தல்களின் பெயர்களும் மரத்தின் தரமும் அம்மதிப்பின் அளவுகோல்களாகின்றன. உபசரிப்பு என்ற பழைய மனிதப் பண்பு கடையின் உருவத்தைப் பூண்டுகொள்வது, சரக்குறவு எத்துணை ஆழமாக வீட்டினுட் புகுந்துவிட்டது என்பதற்குச் சான்று. அக்கால விளம்பரங்களிற் பாரின் பின்னே நின்று மது கலப்பவர் பெரும்பாலும் ஆணே. சமையலறையில் நாள்தோறும் நிகழும் பெண்ணின் உழைப்பு கடமையாகவும், வாரவிறுதியிற் சற்று நேரம் நிகழும் ஆணின் உழைப்பு கலையாகவும் காட்டப்பட்டன.

இதன் இன்னொரு வடிவம் மூங்கிலாலும் பசிபிக் தீவுகளின் முகமூடிகளாலும் அலங்கரிக்கப்பட்ட 'ரிக்கி' பார். அது அமெரிக்க வீடுகளிற் பரவிய அதே ஆண்டுகளில், 1946 முதல் 1958 வரை, மார்ஷல் தீவுகளில் அணுக்குண்டுப் பரிசோதனைகள் நடைபெற்றன. 1946இல் பிகினித் தீவினர் 167 பேர் தம் மண்ணிலிருந்து அகற்றப்பட்டனர். தீவுகளின் வாழ்வு அழிக்கப்பட, அவற்றின் கற்பனை உருவம் புறநகர் வீட்டில் ஓர் அலங்காரமாக எஞ்சியது.

4

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், வீட்டுப் பாரை ஒரே வசனத்தில் ஒதுக்குவோரின் கருத்தே உறுதிப்படுவதாகத் தோன்றலாம். ஆனால் அதே பொருள் வேறொரு சமூக நிலையில் வேறொரு பொருளைப் பெற்றது என்பதற்குப் பிரித்தானியாவின் கரிபியக் குடியேறிகள் சான்றாவர். 1948இன் பின் அங்கு சென்ற கரிபியத் தொழிலாளர்கள் பல மதுச்சாலைகளில் நிறம் காரணமாக மறுக்கப்பட்டனர். அத்தகைய மறுப்பு 1965ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டத்தின் பின்னரே சட்டவிரோதமாயிற்று. இந்நிலையில் அவர்களின் வீட்டு முன்னறை தனிச்சிறப்புப் பெற்றது. ரேடியோகிராம், பெண்கள் பின்னிய குரோஷே விரிப்புகள், கண்ணாடிக் கிண்ணங்கள் நிறைந்த மது அலுமாரி அல்லது சிறு பார் என்பன அதில் அமைந்தன. மைக்கல் மக்மிலன் இம்முன்னறை குறித்து ஒழுங்குசெய்த கண்காட்சி 2005-2006இல் லண்டன் ஜெஃப்ரி அரும்பொருளகத்தில் இடம்பெற்றது.

போர்மைக்காவும் பிளாஸ்ரிக் உறையும் கொண்ட இத்தளபாடங்கள் பெரும்பாலும் தவணைக் கட்டணத்தில் வாங்கப்பட்டவை. வடிவமைப்பு நிபுணர் இவற்றை மலினச் சுவையின் எடுத்துக்காட்டுகளாகவே கொள்வர். ஆனால் பொதுவிடத்தில் மறுக்கப்பட்டோர், தம்மை எவரும் மறுக்கவியலாத ஓர் இடத்தைத் தம் உழைப்பால் அமைத்துக்கொண்டனர். புறநகர் வீட்டில் அந்தஸ்தின் சின்னமாகிய பொருள் இங்கு தன்மானத்தின் சின்னமாயிற்று. இங்கும் அந்தஸ்து நாட்டம் இல்லாமலில்லை. எனினும் அந்நாட்டத்தை எழுப்பிய அவமதிப்பை மறந்து அதனை மதிப்பிடுதல் நியாயமாகாது.

5

இன்று இத்தளபாடங்கள் ஏலச் சந்தையின் சரக்குகள். 2007 முதல் 2015 வரை ஒளிபரப்பாகிய 'மாட் மென்' தொலைக்காட்சித் தொடர் 1960களின் அலுவலகங்களையும் மதுத் தட்டுகளையும் மீண்டும் நாகரிகமாக்கியது. பிரேசில் ரோஸ்வூட் மரத்தின் சர்வதேச வாணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டமையால் அம்மரத்தாலான பழைய பொருள்களின் அருமை மேலும் கூடியது. காடழிவே விலையேற்றத்துக்குத் துணையாயிற்று. கூட்டுறவுக்காரரின் 'ஜே 39' கதிரையும் இன்று வடிவமைப்புக் காட்சியறைகளில் உயர்விலைப் பொருளாக நிற்கின்றது.

இம்மாற்றத்தின் உச்சத்தைச் சண்டிகாரிற் காணலாம். புதிய தலைநகரின் அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பியர் ஜென்னரேயின் தலைமையில், யூலி சௌத்ரி முதலியோரின் பங்களிப்புடன், தேக்கும் பிரம்பும் கொண்ட எளிய கதிரைகள் உள்ளூர்த் தச்சரால் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டன. எழுதுவினைஞரும் மாணவரும் அமர்ந்த அக்கதிரைகள் பழசாகிக் கழிக்கப்பட்ட பின், ஐரோப்பிய வணிகரால் வாங்கப்பட்டு மேலைநாட்டு ஏலங்களிற் பெருவிலைக்கு விற்கப்பட்டன. ஏமி சீகலின் 2013ஆம் ஆண்டுத் திரைப்படமான 'புரொவெனன்ஸ்' இப்பயணத்தைப் பின்னோக்கிக் காட்டுகின்றது. ஏலப் பட்டியலில் ஐரோப்பியரின் பெயர் விலையை உயர்த்துகின்றது. செய்த தச்சரின் பெயர் அதில் இல்லை.

எனவே இத்தளபாடங்களை மதிப்பிடும் விமர்சனம் உருவத்தின் சிறப்போடு மூன்று வினாக்களையும் சேர்த்தெழுப்புதல் வேண்டும். இதனைச் செய்தவர் யார், அவர் உழைப்பின் பயன் யாரைச் சென்றடைந்தது? இதன் மூலப்பொருள் எந்த உறவுகளின் வழி வந்தது? இது வைக்கப்பட்ட அறையினுள் நுழையும் உரிமை யாருக்கு இருந்தது? இவ்வினாக்களின் முன் ஈம்ஸின் கண்ணாடியிழைக் கதிரை அதன் வாக்குறுதிக்காகவும் மொகென்சனின் கதிரை அவ்வாக்குறுதிக்கேற்ற உடைமை முறையைத் தேடியமைக்காகவும் மதிக்கப்படும். அன்டர்சனின் தேக்குப் பார் திறமை மிக்க, ஆனால் தன் காலத்தின் உறவுகளைக் கேள்வியின்றி ஏற்ற படைப்பாகவே நிற்கும். கரிபிய முன்னறையின் மலிவான பார், வடிவமைப்பு வரலாற்று நூல்களில் இதுவரை பெறாத இடத்தைப் பெறத் தகுதியுடையது. மலிவும் எளிமையும் மட்டும் ஒரு பொருளை மக்களுக்குரியதாக்கா. அதனை ஆக்கும் முறையிலும் பயன்கொள்ளும் உரிமையிலும் மக்கள் பங்குகொள்ளும்போதே நவீன வடிவமைப்பின் தொடக்ககால இலட்சியம் நிறைவுபெறும்.