பாறை விட்ட இடத்தில் மட்டும்

இத்தாலியில் கோட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரிமினி கடற்கரையிலிருந்து உள்ளே, மரேக்கியா பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் சான் லியோவைப் போல, எங்கே கட்டக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு கட்டிய கோட்டை அரிது. சின்னஞ்சிறு ஊர், பெரும்பாலான பக்கங்களில் நிமிர்ந்த பாறை, மேலே போக, பாறையைக் குடைந்து போட்ட ஒரே பாதை. கடினமான ஏற்றத்துக்கு உதாரணம் தேடிய தாந்தே இந்த ஊரின் பெயரையும் சொன்னார். 10ஆம் நூற்றாண்டில் முதலாம் ஓட்டோவின் படைக்குத் தப்பி அரசன் இரண்டாம் பெரெங்கார் வந்து ஒளிந்ததும் இங்கேதான். இயற்கையே மதில் எழுப்பிவிட்ட இடத்தில் கொத்தனாருக்கு என்ன வேலை? 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், உர்பினோ கோமகன் ஃபெதெரிகோ தா மொன்தெஃபெல்த்ரோவுக்காக இந்தக் கோட்டையைத் திருத்தியமைத்த பிரான்செஸ்கோ தி ஜோர்ஜியோ மார்த்தினி அதற்குத் தந்த பதிலில்தான் என் ரசனை நிலைக்கிறது. பாறை செங்குத்தாக விழும் பக்கங்களை அவர் ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டார். ஊரை நோக்கிச் சரியும் ஒரு பக்கத்தில்தான் தன் கைவண்ணத்தைக் கொட்டினார்: இரண்டு பருத்த வட்டக் கொத்தளங்கள், நடுவே கப்பலின் மூக்குபோல முன்தள்ளிய மதில். மூலைகள் உள்ள சதுரக் கோபுரத்தைப் பீரங்கிக் குண்டு எளிதில் உடைக்கும். வளைந்த சுவரில் பட்டால் வழுக்கிச் சிதறும். அது பீரங்கி புதிதாக வலுத்துவந்த காலம். அழகுக்காக வந்த வளைவல்ல அது, அழகாகவும் அமைந்துவிட்டது. கொத்தளங்களின் தலையைச் சுற்றி வரிசையாக நிற்கும் கல் தாங்கிகளைத் தவிர, நகை என்று சொல்ல அதில் எதுவுமில்லை.

இவ்வளவு மெச்சும்போது, கோட்டை பிடிபட்டதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மார்த்தினி வருவதற்கு முன், 1441இல், இளைஞனாக இருந்த ஃபெதெரிகோவின் ஆட்களே இரவில் பாறையேறி இதைப் பிடித்தார்கள். மார்த்தினி கட்டிய பிறகும், 1502இல் செசாரே போர்ஜியா துரோகத்தின் துணையால் உள்ளே புகுந்தான். பின்னர் மெதிச்சி குடும்பத்துக்காகப் போரிட்ட ஃபிளாரன்ஸ் படை ஏணிகளோடு பாறையேறி வென்றது. அந்த வெற்றியை வசாரி மெதிச்சிகளின் அரண்மனையில் ஓவியமாகவும் தீட்டினார். கவனித்துப் பாருங்கள், மார்த்தினியின் மதிலைப் பீரங்கி திறக்கவில்லை. துரோகம் திறந்த அந்த ஒருமுறையைத் தவிர, தோற்றது, யாராலும் ஏற முடியாது என்று காவலர்கள் கண்ணயர்ந்த பக்கம். பாறையை நம்பிய கலைஞருக்கு இதில் பங்கே இல்லை என்று வாதாட மாட்டேன். ஆனால் ஒவ்வொரு விளிம்பிலும் சுவர் எழுப்பியிருந்தால் அதைக் காக்க ஆட்களும் வேண்டும். இந்தச் சிற்றூரில் அத்தனை பேருக்கு எங்கே போவது?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. போப்பின் ஆட்சியில் கோட்டை சிறையானது. தன்னை மந்திரவாதி என்று சொல்லிக்கொண்ட காலியோஸ்த்ரோ, கூரையில் இருந்த திறப்பின் வழியே இறக்கப்பட்ட ஓர் அறையில் கிடந்து 1795இல் செத்தான். மூன்றடுக்குக் கம்பி போட்ட சன்னல் வழியே அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரின் தேவாலயங்கள்தான். ஒருவனைப் புதைக்கவும் இதே கச்சிதம் உதவியதே, இதை எப்படி ரசிப்பது? கொத்தளத்தின் வளைவு வெளியிலிருந்து வரும் குண்டுக்காகப் போட்டது. உள்ளே இருப்பவனை வதைக்கும் திட்டம் அந்தக் கோட்டில் இல்லை, பின்னால் வந்தவர்கள் குடியேற்றிய கொடுமை அது. வளைவை ரசிப்பதால் அறையை மறந்ததாக ஆகிவிடாது.

மார்த்தினி ஏறக்குறைய தொடாமல் விட்டதைத்தான் காலம் கடைசியில் தொட்டது. சான் லியோவின் கெட்டிப்பாறை களிமண் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது; அடியில் களிமண் கரையக் கரைய மேலே பாறை பிளக்கும். 2014 பிப்ரவரியில் ஊரின் ஓரத்தில் பெரும்பாறை ஒன்று அப்படியே பெயர்ந்து சரிந்தது. வட்டக் கொத்தளங்கள் இரண்டும் அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன.