நந்தனார் சரித்திரமும் திருநாளைப்போவார் புராணமும்

சொல்லும் இசையும் ஓரவையிற் கூடுங்கால், கல்லாதாரும் நல்லாரது வரலாற்றைக் கேட்டு உருகுவர். அக்கூட்டத்தால் முதனூற்பொருள் வேறுபடுமாயின் அதனைக் கொள்ளலாமோ தள்ளலாமோ என்னும் வினா, சைவ நன்மக்கள் ஆராய்தற்குரியது. இதற்குக் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை.

சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் வரலாற்றை 37 திருவிருத்தங்களில் அருளிச்செய்தார். அதனைக் கற்றார் சிலரே, கேட்டாரும் மிகப்பலரல்லர். 19-ஆம் நூற்றாண்டில் பாரதியார், கீர்த்தனை, நொண்டிச்சிந்து, விருத்தம், வசனம் என்றின்னவற்றை விரவி அதனைக் கதையாகப் பாடியபின், ஏரும் மாடும் அன்றி வேறறியாத உழவரும் நந்தனார்க்காகக் கண்ணீர் உகுத்தனர். தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தன முறையையும் தமிழிசையையும் இயைத்து நிகழ்த்திய கதாகாலட்சேபங்களால் அதன் புகழ் நாடெங்கும் பரவிற்று.

பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தபொழுது, அப்புலவர் பெருமான் எளிதின் இசைந்திலர். இலக்கண வழுக்களும், பெரியபுராணத்தொடு மாறுபடும் செய்திகளும் அவருளத்தைத் தடுத்தன. பாரதியார் பன்முறை வந்து காத்திருந்தார். ஒருநாள் அவர் தம்முள் உருகிப் பாடியதைக் கேட்டுப் பிள்ளையவர்கள் நெஞ்சங் கரைந்து பாயிரம் அளித்தார் என்பது, அவர்தம் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையரவர்களால் அறியப்படுவது. பாட்டு உள்ளத்தை வென்றது. எனினும் பிள்ளையவர்கள் கொண்ட தடை அதனால் விடை பெற்றிலது. அத்தடை இன்றும் நிற்கின்றது.

அஃது யாதெனின், கூறுதும். சேக்கிழார் புராணத்தில் வேதியர் என்னும் பண்ணையாளரே இல்லை. நாற்பது வேலி நிலத்தை அறுவடை செய்து முடித்தாற் செல்லலாம் என்னும் கட்டளையும், ஓரிரவிற் பயிர் விளைந்த அற்புதமும் ஆண்டில்லை. நாயனார் தில்லைக்குச் செல்ல வேட்கை மீதூர்ந்து இரவெல்லாந் துயிலாதிருப்பர். விடிந்தபின், தாம் பிறந்த குலத்துக்கு அஃது இசையாதென உட்கொண்டு ஒழிவர். மீட்டும் வேட்கை எழ, நாளைப்போவேன் என்பர். ஆகவே அத்திருப்பெயர், ஓர் உள்ளத்தினுள்ளே அன்பும் அச்சமும் பொருத போரிற் பிறந்தது. பாரதியார் நூலிலோ தடை புறத்தே நிற்கின்றது. ஆண்டான் விடைதாரானாக, நாளை என்பது இரப்போன் சொல்லாகின்றது. இம்மாற்றம் சிறிதன்று.

அற்றேல், வேதியர் கதை முற்றும் பொருந்தாப் புனைவோ எனின், அன்று. அவைக்குமுன் பாடுவார்க்கு அகப்போர் காட்டல் அரிது. இருவர் உரையாடினாலன்றிக் கதை நடவாது. அன்றியும், ஆண்டான் இறுதியில் அடிமையின் திருவடியில் வீழ்கின்றான். அடியார் திருவேடத்தை அரனெனவே தொழுக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் முடிபு. குலச்செருக்கு அடியார் முன்னர் அழிந்தமையைக் காட்டலின், புனைவு சித்தாந்தத்தொடு முரணாது. பண்ணையடிமைகளின் துயரை நாடு கேட்குமாறு செய்ததும் பாரதியார்க்கே உரிய பெருமை.

குற்றம் புனைவில் இல்லை. அதனைப் புராணமென மயங்கவிடுதலில் உள்ளது. 1942-ல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்து வெளிவந்த நந்தனார் திரைப்படமும் வேதியரையே நாட்டில் நிலைநாட்டிற்று. இன்று அன்பர் பலர் அவ்வேதியரைச் சேக்கிழார் பாத்திரமென்றே கருதுகின்றனர். ஆகலின், கதை நிகழ்த்துவோர் முதற்கண் சேக்கிழார் திருவிருத்தத்தைப் பண்ணோடு ஓதிப் பொருளுரைத்து, பின்னர், இது பாரதியார் விரித்தது என ஒருசொற் கூறிக் கீர்த்தனை பாடுவாராக. அவ்வொரு சொல்லால் இசைக்கு யாதும் குறையாது; கேட்போர்க்கு இரண்டு செல்வங்கள் கிட்டும்.

இன்னும் ஒன்று. நந்தனார் சிவாலயங்களின் பேரிகை முதலிய கருவிகட்குப் போர்வைத்தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்தனர் என்று சேக்கிழார் தெளியக் கூறினர். உட்புகாது புறத்தே நின்ற அடியார் தந்த தோலும் நரம்புமே இறைவன் திருமுன் ஒலித்தன. இசைக்கதை நிகழ்த்துவார்க்கு இதனினும் பொருத்தமான செய்தி யாது? மிருதங்கம் முழங்கும் அவைதோறும் முதலிற் கூறத்தக்க இதனை விடுத்து, புராணத்தில் இல்லாத பண்ணையை விரித்தலே வருந்தத்தக்கது. மூலத்தைக் கற்றுப் பாடுவார்க்கு இக்குறை நேராது என்க.