குரலுக்கும் ஓர் இலக்கணம்

ஏட்டில் எழுதப்பெற்றதை மட்டுமே திறனாய்வுக்கு உரியதெனக் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. காற்றில் பிறந்து காற்றிலேயே மறையும் பேச்சை எவரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. ஆயினும், ஒரு தலைமுறையின் செவிக்குத் தமிழைப் பழக்கிய குரல் அவ்வாறு விட்டுவிடத்தக்கதன்று. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரலை அவ்வகையில் ஆராய விழைகின்றோம்.

1952இல் அமைச்சுப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. 1957இல் விவித் பாரதி தோன்றுமுன்பே நேயர்கள் கொழும்பை நாடிப் பழகிவிட்டனர். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இந்தி நேயர்களைக் கவர்ந்ததும் அந்நிலையத்திலிருந்துதான். தமிழில் எஸ்.பி. மயில்வாகனம் முதலானோர் வகுத்த பாதையில் ஹமீத் வந்தார். தாராபுரத்தை அடுத்த நம் மூலனூரில் தேநீர்க்கடைப் பலகையில் இருந்தோரும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தோரும், கைகள் வேலையில் இருக்கச் செவிகளை அக்குரலுக்கு ஒப்படைத்தனர்.

அக்குரலின் சிறப்பு இனிமை என்பர் பலர். நாம் அதனினும் தெளிவையே முதன்மையாகக் கருதுகின்றோம். சிற்றலை ஒலிபரப்பு கடல் கடந்து வருகையில் ஏறும், இறங்கும், இரைச்சலில் மூழ்கும். அந்நிலையில் லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் இடத்தில் நில்லாவிடின் சொல்லே சிதைந்துபோம். ஹமீத் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய மாத்திரையை அளித்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே மூச்சுவிட இடந்தந்தார். கருவியின் குறையை நாவின் ஒழுக்கத்தால் ஈடுசெய்த கலை அது. வெறும் அலங்காரமாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

அவர் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னர்த் தனியார் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாடவேண்டும் என்னும் அவ்விளையாட்டு, அந்தாதியில் தோய்ந்த நம் மரபுக்கு அயலானதன்று. கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்த நேயரை அது பாடலின் உரிமையாளராக்கிற்று. ஆயின், ஒரு குறையையும் மறைத்தற்கில்லை. முதலெழுத்தே வெற்றியை முடிவுசெய்வதால் பல்லவி மட்டும் நினைவில் நின்றது. சரணத்தில் கவிஞன் வைத்த கருத்து பின்தள்ளப்பட்டது. திரைப்பாடலுக்கு அப்பாலும் பாட்டுண்டு என்பதை அவ்வரங்கு அரிதாகவே நினைவூட்டிற்று.

செம்மையான உச்சரிப்பு வட்டார வழக்கை அழிக்குமன்றோ என வினவுவாரும் உளர். சந்தையில் கொங்குத் தமிழ் பேசிய நம்மூரார் வானொலி கேட்டு அதனைக் கைவிட்டதில்லை. வீட்டுக்கு ஒன்றும் அவைக்கு ஒன்றுமாக இரு தமிழும் அவர்தம் நாவில் வாழ்ந்தன. யாழ்ப்பாணத்தார்க்கும் கொழும்பார்க்கும் கொங்கு நாட்டார்க்கும் ஒருங்கே விளங்கும் பொதுத்தமிழ் ஒன்று உண்டென்பதை மெய்ப்பித்ததே ஹமீதின் அருந்தொண்டு.

உமறுப்புலவரைப் பெற்ற சமுதாயத்தார்க்கு இதில் வியப்பில்லை. எனினும், முஸ்லிமின் தமிழ் எப்படியிருக்குமோ என ஐயுறுவோர் இன்றும் சிலர் உளர். அவர்க்கு நாம் வாதம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பல்லாயிரம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லித்தரப் பெற்றோர் எடுத்துக்காட்டிய நாக்கு யாருடையது என்று வினவினால் போதும்.

இன்றைய பண்பலை அறிவிப்பாளர்க்குச் சிற்றலையின் இரைச்சல் இல்லை. தெளிவான ஒலிபரப்பு வாய்த்திருந்தும், அவருட் பலர் தெளிவின்றி விரைகின்றனர். பாடல் தொடங்கிய பின்னும் பேச்சை நிறுத்துகின்றாரில்லை. எங்கே பேசுவது என்பதோடு, எங்கே வாய் மூடுவது என்பதையும் ஹமீத் அறிந்திருந்தார். அவரைப் புகழ்வோர் அவர்தம் குரலைப் போலிசெய்வதை விடுத்து, இவ்வொன்றைக் கற்பாராயின் தமிழ் ஒலிபரப்பு மீளும் என்பது நமது துணிபு.