செழிப்பும் அதன் கணக்கும்

நாடு நலிந்த காலத்திலும் யாழ்ப்பாணம் நிமிர்ந்து நின்றது. அது அம்மண்ணின் மக்களது உழைப்பின் வெற்றி என்று நம்மவர் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். இக்கூற்றில் பாதி உண்மையே உண்டு என்பது எமது கருத்து.

1970 இன் பின்னர் நாட்டின் அந்நியச் செலாவணி வறண்டது. 1973 இல் எண்ணெய் விலையும் ஏற, பாணுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அதே வேளை, மிளகாய், வெண்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே பணம் விளைந்தது, கல்வீடுகள் எழுந்தன. உழைப்பு முன்னரும் இருந்தது. அதற்கு விலை தந்தது அரசின் கொள்கையே. 1977 இல் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டதும், அதே உழைப்பாளர் அதே மண்ணிலே நட்டப்பட்டமை இதற்குச் சான்று.

அச்செழிப்பு யாருடையது? நிலமும் கிணறும் உடையோர் உயர்ந்தனர். சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் பிறர் தோட்டத்திலே கூலிக்கு நின்றனர். கூப்பன் அரிசி குறைய, அதே தமிழைப் பேசும் மலையகத் தொழிலாளர் 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே பட்டினியால் மடிந்தனர்.

ஒரு பிரதேசத்தின் வளத்தைப் புகழும் எழுத்தாளனிடம் நாம் வேண்டுவது இதுவே: விளைந்ததன் கணக்கோடு, அது எவர் கையைச் சேர்ந்தது என்ற கணக்கையும் அவன் எழுதவேண்டும்.